எதை எதற்குள் அடக்குகிறோம்? அறிவியலில் குறுக்கல் பற்றி வாசகர் கேள்விகள்

ஒரு துறையின் கோட்பாட்டை, அதைவிட அடிப்படையானது என்று கருதப்படும் இன்னொரு கோட்பாட்டால் விளக்கி அதற்குள் அடக்குவதை அறிவியல் மெய்யியலில் ‘குறுக்கல்’ என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ரிடக்ஷன்’ என்ற ஒரே சொல்தான் என்றாலும், வேதியியல் பாடத்தில் வரும் ஒடுக்கம் வேறு. இது பற்றி வந்த கேள்விகளில் ஏழு இங்கே.

கேள்வி: எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனவை என்று ஒப்புக்கொண்டாலே குறுக்கல்வாதத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா?

ஆகாது. ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு கூற்றுகள் உலவுகின்றன. பொருள்கள் எதனால் ஆனவை என்பது ஒன்று. ஒன்றைப் புரிந்துகொள்ள அதைப் பகுதிகளாகப் பிரித்து ஆராய்வதே சிறந்த வழி என்பது இரண்டாவது. மேல்நிலைக் கோட்பாட்டின் விதிகளைக் கீழ்நிலைக் கோட்பாட்டின் விதிகளிலிருந்து வருவிக்கலாம் என்பது மூன்றாவது. முதலாவதை ஏற்றுக்கொண்டு மூன்றாவதை மறுப்பதில் எந்த முரண்பாடும் இல்லை. இன்று இந்தத் துறையில் எழுதுபவர்களில் பெரும்பாலோர் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். உயிரியலில் இந்த மூன்றையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஃபிரான்சிஸ்கோ அயாலா (1974).

பால் ஓப்பன்ஹைமும் ஹிலாரி புட்னமும் 1958-ல் ஆறு படிகளை வரிசைப்படுத்தினார்கள்: அடிப்படைத் துகள், அணு, மூலக்கூறு, செல், பலசெல் உயிரி, சமூகக் குழு. ஒவ்வொரு படியும் அதற்குக் கீழே உள்ள படிக்குள் அடங்கும் என்பதை ‘செயல்படு கருதுகோள்’ என்றுதான் சொன்னார்கள். நிறுவப்பட்ட உண்மை என்று சொல்லவில்லை. இந்தத் தன்னடக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: ‘வெப்பநிலை என்பது மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றல்’ என்று பாடநூலில் படித்தோம். குறுக்கலுக்கு இதுவே சிறந்த எடுத்துக்காட்டு என்கிறார்கள். அதில் எந்த இடத்தில் குறுக்கல் நடக்கிறது?

கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் அந்த இடம் கண்ணில் படும். பக்க நீளம் L உள்ள கனசதுரப் பெட்டியில் ஒரு மூலக்கூறு ஒரு சுவருக்கு நேராக v வேகத்தில் போய்வருகிறது என்று கொள்வோம். நிறை m. சுவரில் மோதித் திரும்பும்போது அது கொடுக்கும் உந்தம் 2mv. அதே சுவரில் மறுபடி மோத 2L/v நேரம் ஆகும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் சராசரி விசை mv²/L. சுவரின் பரப்பு L² ஆகையால் அழுத்தம் mv²/L³. N மூலக்கூறுகள், மூன்று திசைகளிலும் சம வாய்ப்பு என்று எடுத்தால், அழுத்தத்தையும் கனஅளவையும் பெருக்கிய தொகை, மூலக்கூறுகளின் மொத்த இயக்க ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு என்று வந்து நிற்கும்.

இதுவரை நியூட்டனின் இயக்கவியலும் சராசரி எடுத்தலும் மட்டும்தான். கவனியுங்கள், ‘வெப்பநிலை’ என்ற சொல் இன்னும் எங்கும் வரவில்லை. எவ்வளவு நேரம் இயக்கவியல் சமன்பாடுகளை மாற்றி மாற்றி எழுதினாலும் அது தானாக வராது. இலட்சிய வாயு விதியை (அழுத்தம் × கனஅளவு = N × போல்ட்ஸ்மன் மாறிலி × வெப்பநிலை) பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒத்துப்போக வேண்டுமானால் ஒரு மூலக்கூறின் சராசரி இயக்க ஆற்றல் போல்ட்ஸ்மன் மாறிலியையும் வெப்பநிலையையும் பெருக்கியதில் ஒன்றரை மடங்காக இருக்க வேண்டும் என்று நாம் சேர்க்கிறோம். இந்தச் சேர்க்கைதான் ‘பால விதி’. ஏர்னஸ்ட் நேகல் 1961-ல் வகுத்த இரண்டு நிபந்தனைகளும் இதுதான்: மேல்கோட்பாட்டின் சொற்கள் கீழ்க்கோட்பாட்டின் சொற்களோடு இணைக்கப்பட வேண்டும், இணைத்த பின் மேல்கோட்பாட்டின் விதிகள் தர்க்கப்படி வருவிக்கப்பட வேண்டும்.

எண்ணிலும் பார்க்கலாம். 300 கெல்வினில் ஒரு மூலக்கூறுக்குச் சராசரி 6.2 × 10⁻²¹ ஜூல். நைட்ரஜனுக்கு அது நொடிக்குச் சுமார் 517 மீட்டர் வேகம்.

பாலம் எங்கே உடைகிறது என்பதுதான் இதைவிட முக்கியம். செம்பில் உள்ள கடத்தும் எலக்ட்ரான்களின் சராசரி இயக்க ஆற்றல், அறை வெப்பநிலையில் இந்தச் சூத்திரம் சொல்வதைப்போல் சுமார் 100 மடங்கு. அதனால் செம்பு நெருப்பாய்க் கொதிப்பதில்லை. ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்ற பவுலி விதிப்படி தாழ்ந்த நிலைகள் நிரம்பிவிடுவதால் எலக்ட்ரான்கள் உயர்நிலைகளில் இருக்கின்றன, அவ்வளவுதான். ஒளித்துகள்களால் ஆன வாயுவிலோ ஒரு துகளுக்கான சராசரி ஆற்றல் ஒன்றரை மடங்கு அல்ல, 2.7 மடங்கு. பர்செல்லும் பவுண்டும் 1951-ல் லித்தியம் ஃபுளூரைடு படிகத்தின் அணுக்கருச் சுழற்சிகளை எதிர்மறை கெல்வின் வெப்பநிலைக்கே கொண்டுபோனார்கள். இயக்க ஆற்றல் எதிர்மறையாக முடியாது. ஆகவே வெப்பநிலையும் இயக்க ஆற்றலும் பொதுவாக ஒன்றே என்று சொல்லவும் முடியாது. ஆற்றலைச் சிறிது கூட்டினால் என்ட்ரோபி (துகள்கள் எத்தனை விதமாக அமையலாம் என்பதன் அளவு) எவ்வளவு மாறுகிறது என்ற விகிதத்தின் தலைகீழே வெப்பநிலை. இது வாயுவுக்கும் பொருந்தும், சுழற்சிக்கும் பொருந்தும். பாடநூல் வரி பொய்யல்ல. செவ்வியல் துகள்கள் என்ற எல்லைக்குள் அது உண்மை.

இதே கணக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே இன்னோர் இடத்திலும் தடுக்கிவிழுந்தது. ஈரணு மூலக்கூறு சுழலும், அதிரும். எல்லா அசைவுக்கும் சம பங்கு கொடுத்தால் நைட்ரஜனின் இரு வெப்ப ஏற்புத்திறன்களின் (மாறா அழுத்தத்தில் ஒன்று, மாறாக் கனஅளவில் ஒன்று) விகிதம் 9/7, அதாவது சுமார் 1.29 வர வேண்டும். அளந்தால் 1.40. மேக்ஸ்வெல் இதைப் பெரிய சிக்கலாகவே பார்த்தார். அதிர்வுக்கு வேண்டிய ஆற்றல் துணுக்கு அறை வெப்பநிலையில் கிடைக்கும் ஆற்றலைப்போல் 11 மடங்கு என்பதும், அதனால் அதிர்வு உறைந்து கிடக்கிறது என்பதும் குவாண்டம் இயற்பியல் வந்த பிறகே தெரிந்தன. குறுக்கல் தோற்ற இடமே அடியில் இருந்த கோட்பாட்டின் ஓட்டையைக் காட்டிக்கொடுத்தது. குறுக்கலை விடாமல் முயல்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

கேள்வி: கலிலியோ, கெப்ளர் விதிகள் நியூட்டன் கோட்பாட்டில் அடங்கின என்கிறார்கள். ஆனால் நியூட்டன் கணக்குப்படி அந்த விதிகளே துல்லியமாகச் சரியில்லையே! உண்மையிலிருந்து பிழையை எப்படி வருவிப்பது?

சரியான இடத்தில் கைவைத்திருக்கிறீர்கள். முதலில் துவெமும் பிறகு 1962-ல் ஃபயரபெண்டும் எழுப்பிய எதிர்ப்பு இதுதான். விழும் பொருளின் முடுக்கம் மாறாதது என்றார் கலிலியோ. நியூட்டன்படி 10 கிலோமீட்டர் உயரத்தில் அது 0.3 சதவீதம் குறையும். எல்லாக் கோள்களுக்கும் சுற்றுக்காலத்தின் இருபடிக்கும் தொலைவின் முப்படிக்கும் உள்ள விகிதம் ஒன்றே என்றார் கெப்ளர். நியூட்டன்படி கோளின் நிறையும் கணக்கில் சேரும். வியாழன் சூரியனில் 1,047-ல் ஒரு பங்கு நிறை உடையது என்பதால் அதன் விகிதம் சுமார் 0.1 சதவீதம் விலகும்.

தர்க்கப்படி நியூட்டன் கோட்பாட்டிலிருந்து கெப்ளர் விதி வராது. கெப்ளர் விதியின் மறுப்புதான் வரும். கென்னத் ஷாஃப்னர் 1967-ல் கொடுத்த திருத்தம் இதற்கான வழி: வருவிக்க வேண்டியது பழைய விதியை அல்ல, அதன் திருத்திய வடிவத்தை. அந்தத் திருத்திய வடிவம் பழையதற்கு நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். எந்த அளவு நெருக்கம், எந்த நிலைமையில் விலகும் என்று எண்ணில் சொல்ல வேண்டும்.

இயற்பியலாளர்கள் ‘குறுக்கல்’ என்று பேசும்போது திசையே திரும்பிவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். ஒளியின் வேகத்தோடு ஒப்பிட வேகம் மிகச் சிறிதானால் சார்பியல் நியூட்டனாகக் குறுகும் என்பார்கள். மெய்யியலாளர்களோ நியூட்டன் சார்பியலுக்குள் குறுகுகிறது என்பார்கள். இரண்டும் வேறு வேலைகள் என்று பிரித்துக் காட்டியவர் தாமஸ் நிக்கிள்ஸ் (1973). நொடிக்கு 30 கிலோமீட்டரில் சூரியனைச் சுற்றும் பூமிக்குச் சார்பியல் திருத்தம் 100 கோடியில் 5 பங்கு. புதன் கோளின் நீள்வட்டம் நூற்றாண்டுக்கு 43 வில்நொடி கூடுதலாகத் திரும்புவதை விளக்க நியூட்டன் போதாது. எந்த எண்ணை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்று சொல்லத் தெரிந்தால்தான் அது குறுக்கல்.

கேள்வி: வேதியியல் முழுவதும் குவாண்டம் இயற்பியலில் அடங்கிவிட்டது என்பது உண்மையா?

1929-ல் டிராக் சொன்னதன் சாரம்: வேதியியல் முழுமைக்கும் தேவையான அடிப்படை விதிகள் தெரிந்துவிட்டன; அவற்றைப் பயன்படுத்தினால் வரும் சமன்பாடுகள் தீர்க்க முடியாத அளவு சிக்கலானவை என்பதே இடர்ப்பாடு. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது. இரண்டாம் பாதியின் கனம் இன்றும் குறையவில்லை. துல்லியத்துக்குப் பெயர்போன கப்பிள்டு கிளஸ்டர் முறையின் வழக்கமான வடிவில், மூலக்கூறின் அளவை இரட்டித்தால் கணக்கின் அளவு 128 மடங்காகும். தடை ஆற்றலில் மோலுக்கு 5.7 கிலோஜூல் பிழை வந்தாலே அறை வெப்பநிலையில் வினை வேகம் 10 மடங்கு தவறிவிடும்.

ஆனால் இது கணினியின் வலிமை பற்றிய பேச்சு. அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. எத்தனாலையும் டைமெத்தில் ஈதரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 2 கார்பன், 6 ஹைட்ரஜன், 1 ஆக்ஸிஜன். 9 அணுக்கருக்கள், 26 எலக்ட்ரான்கள். ஒன்றின் கொதிநிலை 78 டிகிரி செல்சியஸ், மற்றதன் கொதிநிலை −24. அத்தனை கருக்களையும் எலக்ட்ரான்களையும் அவற்றுக்கிடையே உள்ள மின்விசைகளையும் வைத்து முழுச் சமன்பாட்டை எழுதினால் இரண்டுக்கும் ஒரே சமன்பாடுதான் வரும்! எது எத்தனால், எது ஈதர் என்று அது சொல்லாது.

பிறகு வேதியியலாளர்கள் எப்படித்தான் கணக்கிடுகிறார்கள்? 1927-ல் பார்னும் ஓப்பன்ஹைமரும் தந்த தோராயத்தால். மிக இலேசான அணுக்கருவான புரோட்டானே எலக்ட்ரானைப்போல் 1,836 மடங்கு கனமானது. ஆகவே கருக்களை அசையாமல் நிறுத்திவைத்து எலக்ட்ரான்களுக்கு மட்டும் கணக்குப் போடுவார்கள். கருக்களை எங்கே நிறுத்துவது என்பதை வேதியியல் அறிவிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அல்லது பல அமைப்புகளை முயன்று ஆற்றல் பள்ளங்களைத் தேடுகிறார்கள். எத்தனால் ஒரு பள்ளம், ஈதர் இன்னொரு பள்ளம். ஒவ்வொரு பள்ளமும் எவ்வளவு ஆழம், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு உயரமான மேடு என்பதைக் குவாண்டம் கணக்கு மிக அழகாகத் தரும். ஆனால் மூலக்கூறுக்கு ‘வடிவம்’ என்று ஒன்று உண்டு என்பது கணக்கின் முதல் அடியிலேயே கையால் வைக்கப்பட்டது. சுற்றுச்சூழலோடு ஏற்படும் ஊடாட்டமே வடிவத்தை நிலைநிறுத்துகிறது என்பார் சிலர். அது போதாது என்பார் வேறு சிலர். வழக்கு முடியவில்லை. என் மதிப்பீடு: ஆற்றல்கள், பிணைப்பு நீளங்கள், நிறமாலைகள் அடங்கிவிட்டன, வடிவம் என்ற கருத்து அடங்கிவிட்டது என்று இன்று கையெழுத்துப் போட முடியாது.

கேள்வி: டிஎன்ஏ அமைப்பு தெரிந்த பிறகும் மெண்டல் விதிகளைத் தனியாகக் கற்பிப்பது ஏன்?

அரிவாள்செல் சோகையைப் பாருங்கள். இது மூலக்கூறு அளவிலான நோய் என்று 1949-ல் பாலிங் குழு காட்டியது; பீட்டா குளோபின் சங்கிலியின் 6-ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் என்று 1956-57-ல் இங்கிராம் கண்டார். மரபணுவில் ஒரே எழுத்து மாற்றம்: அடினின் இருந்த இடத்தில் தைமின். குறுக்கலின் பெருவெற்றி இது, சந்தேகமே இல்லை.

இப்போது ‘இந்த அல்லீல் (மரபணுவின் இந்த வடிவம்) ஓங்கு தன்மையுடையதா, ஒடுங்கு தன்மையுடையதா?’ என்று கேளுங்கள். சோகை நோயைப் பார்த்தால் ஒடுங்கு. இரத்தத்தில் உள்ள புரதத்தைப் பார்த்தால் இரண்டு அல்லீல்களும் சமமாகத் தெரியும். மலேரியா எதிர்ப்பைப் பார்த்தால் ஒரு பிரதியே போதும், ஆக ஓங்கு. டிஎன்ஏ எழுத்து மாறவில்லை. நாம் எந்தப் பண்பைப் பார்க்கிறோம் என்பதற்கேற்ப விடை மாறுகிறது. பொதுவாகவே ‘ஓங்கு தன்மை’க்கு ஒற்றை மூலக்கூறு வரையறை கிடையாது. ஓரிடத்தில் பாதி அளவு நொதியே போதுமானதாக இருக்கும். இன்னோரிடத்தில் பழுதான புரதம் நல்ல புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதையும் கெடுக்கும். வேறோரிடத்தில் பாதி அளவு போதாமல் போகும். நேகல் கேட்ட பாலம் இங்கே ஒரு பெரிய ‘அல்லது... அல்லது...’ பட்டியலாகச் சிதறிவிடுகிறது. இந்தச் சிக்கலை 1970-களில் டேவிட் ஹல் வலியுறுத்தினார்.

பிலிப் கிட்சர் 1984-ல் சேர்த்த வாதம் எனக்கு இன்னும் வலுவாகப் படுகிறது. வெவ்வேறு குரோமோசோம்களில் உள்ள மரபணுக்கள் ஏன் தனித்தனியாகப் பங்கிடப்படுகின்றன? குன்றல் பிரிவில் குரோமோசோம்கள் இணை சேர்ந்து பிரிகின்றன. ஒரு இணை பிரிவது இன்னோர் இணையைப் பொறுத்ததல்ல. விளக்கம் முடிந்தது. அந்தக் குரோமோசோம்கள் எந்த மூலக்கூறால் ஆனவை என்று சேர்த்தால் இந்தக் கேள்விக்கான விடை மேம்படாது. ஆனால் இணை சரியாகப் பிரியாமல் போவது ஏன் என்று கேட்டால் உடனே மூலக்கூறுகளிடம்தான் போக வேண்டும். கேள்வியைப் பொறுத்தே விளக்கத்தின் மட்டம் அமைகிறது.

கேள்வி: ஒரு கட்டுரையில் ‘இன்னதை இன்னதற்குள் குறுக்கிவிட்டோம்’ என்று படித்தால், அதை எப்படிச் சோதிப்பது?

தாளில் இரண்டு பத்திகள் வரையுங்கள். இடப்பக்கம் மேல்கோட்பாட்டின் விதியையும் வலப்பக்கம் கீழ்க்கோட்பாட்டின் விதிகளையும் எழுதுங்கள். இடப்பக்கம் மட்டும் உள்ள சொற்களைக் கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பாலம் எது, அந்தப் பாலத்துக்கு இந்தக் கணக்கைத் தவிர வேறு சான்று உண்டா என்று பாருங்கள். விடை சரியாக வரவேண்டும் என்பதற்காகவே பாலம் போட்டிருந்தால் சோதனை எதுவும் நடக்கவில்லை. அடுத்து, எங்கெல்லாம் ‘சிறிது என்று விட்டுவிடுகிறோம்’, ‘எண்ணற்றது என்று கொள்கிறோம்’ என்று வருகிறதோ அங்கெல்லாம் எண்ணைக் கேளுங்கள். கடைசியாக, தொடக்க நிலைமைகள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். எத்தனாலின் வடிவத்தைப்போல, மேல்நிலை அறிவு பின்வாசல் வழியே நுழைவது பெரும்பாலும் இங்கேதான்.

எண்ணற்றது என்று கொள்வது எப்போதும் தவறல்ல. துகள்களின் எண்ணிக்கை முடிவுள்ளது என்றால், பொதுவான மாதிரிகளில், நிலைமாற்றப் புள்ளியில் கணிதப்படி கூர்மையான முறிவு வராது. எண்ணிக்கை முடிவிலியானால்தான் வரும். 18 கிராம் தண்ணீரில் 6 × 10²³ மூலக்கூறுகள் இருப்பதால் இந்த வேறுபாட்டை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. ஆகவே இதை வைத்துக் குறுக்கல் தோற்றது என்பவர்களோடு நான் உடன்படவில்லை. அதே இடத்தில் வேறொரு பாடம் இருக்கிறது: திரவ–வாயு மாறுநிலையிலும் ஒரே அச்சில் காந்தமாகும் பொருளிலும் ஒரே அடுக்கெண், சுமார் 0.326, வருகிறது (மாறுநிலையை நெருங்கும்போது அடர்த்தி வேறுபாடோ காந்தத்தன்மையோ எப்படி மறைகிறது என்பதைச் சொல்லும் எண் இது). பொருள்கள் வேறு, விசைகள் வேறு, எண் ஒன்று. 1971-ல் கென்னத் வில்சன் தந்த முறை, நுண்விவரங்கள் ஏன் பொருட்டில்லை என்பதைக் கீழ்நிலையிலிருந்தே காட்டியது. அதற்கு 1982-ல் நோபல் பரிசு. ஆண்டர்சன் 1972-ல் சொன்னது இங்கே பொருந்தும்: எல்லாவற்றையும் எளிய விதிகளாகப் பகுக்க முடிந்தால், அந்த விதிகளிலிருந்து உலகைத் திரும்பக் கட்ட முடியும் என்று ஆகாது.

பகுதியைச் சரிசெய்தால் முழுமை சரியாகும் என்ற ஊகம் உயிரையும் வாங்கும். மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு இதயத்தில் கூடுதல் துடிப்புகள் இருந்தால் திடீர் மரண அபாயம் அதிகம் என்பது தெரிந்தது. என்கெய்னைடும் ஃபிளெகெய்னைடும் அந்தத் துடிப்புகளை அடக்கின. ஆகவே மரணமும் குறையும் என்று நம்பினார்கள். ‘காஸ்ட்’ என்ற சோதனையின் 1991 அறிக்கையில், மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர். துடிப்பு அடங்கியது, மரணம் கூடியது. அயான் வழிகள் (செல் சவ்வில் மின்னூட்டத் துகள்கள் கடக்கும் வாயில்கள்) வரை நுட்பம் தெரிந்த மருந்துதான் அது. நடுவில் உள்ள படிகள் முழுவதும் சங்கிலியாக நிறுவப்படவில்லை என்பதே கோளாறு. துடிப்பு மரணத்தின் அடையாளமா, காரணமா என்பது மனிதர்களிடம் சோதிக்கும் வரை தெரியவில்லை.

கேள்வி: மூளையின் இணைப்பு வரைபடம் முழுவதும் கிடைத்துவிட்டால் மனம் விளங்கிவிடுமா?

ஒரு சிறிய உருளைப்புழுவுக்கு (சீனோராப்டிட்டிஸ் எலிகன்ஸ்) வரைபடம் 1986-லேயே வந்துவிட்டது. 302 நரம்பு செல்கள்தான். அதை மட்டும் பார்த்துப் புழு அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு இணைப்பு தூண்டுகிறதா அடக்குகிறதா என்பது படத்தில் இல்லை. நரம்புப் பெப்டைடுகள் (நரம்பு செல்கள் வெளியிடும் சிறு புரதத் துண்டுகள்) கம்பி இல்லாமலேயே செல்களின் நடத்தையை மாற்றுகின்றன. அதுவும் படத்தில் இல்லை.

எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. ஈவ் மார்டர் குழு 2004-ல், ஓட்டுமீன்களின் வயிற்றை இயக்கும் நரம்புச் சுற்றுக்கு மூன்று செல்கள் கொண்ட மாதிரிகள் 2 கோடிக்கும் மேற்பட்டவற்றைக் கணினியில் ஓட்டிப் பார்த்தது. சுமார் நாலரை லட்சம் மாதிரிகள், உள்ளே மிக வேறுபட்ட அளவுகளோடு, இயற்கையான தாளத்தைப் போன்ற தாளத்தையே தந்தன. ஒரே செயலைப் பல அமைப்புகள் நிறைவேற்றலாம் என்று 1967-ல் புட்னமும் 1974-ல் ஃபோடரும் முன்வைத்த வாதத்துக்கு எண் வடிவம் கிடைத்தது போல இருக்கிறது இது. ஆய்வகத்துக்கு இதன் நேரடிப் பொருள்: பல விலங்குகளின் அயான் வழிகளை அளந்து சராசரி எடுத்து மாதிரியில் போட்டால், அந்தச் சராசரி மாதிரி எந்த விலங்கின் தாளத்தையும் தராமல் போகலாம். அளவுகள் அனைத்தையும் ஒரே விலங்கிடமிருந்தே எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் எந்த வேதிப்பொருள் சுற்றை மாற்றிக்கொண்டிருந்தது என்பதையும் கூடவே குறித்துக்கொள்ள வேண்டும்.